சொல்வதா, வாசிப்பதா, எழுதிக்கொள்வதா? ஒன்று, இரண்டாம் வகுப்புகளின் கதை நேரத்துக்கு ஓர் ஒப்பீடு

கதை சொன்னால் வகுப்பே வாய் பிளந்து கேட்கிறது; அதே பிள்ளையின் கையில் பாடநூலைக் கொடுத்தால் ஒரு வரியைத் தாண்ட முடியவில்லை. ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளை ஏற்றிருக்கும் ஆசிரியர்கள் சந்தித்துக்கொள்ளும்போதெல்லாம் எழும் குறை இது. தமிழ்நாட்டில் 2022–23ஆம் கல்வியாண்டில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கி, ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புப் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரிக்கப்பட்ட பிறகு, கதைக்கு வகுப்பில் முறையான இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த நேரத்தை எப்படிச் செலவிடுவது என்பதில் தெளிவு வரவில்லை. புத்தகம் இல்லாமல் வாய்மொழியாகச் சொல்வதா, படக்கதையை உரக்க வாசிப்பதா, பிள்ளைகளைச் சொல்லவைத்து நாம் எழுதிக்காட்டுவதா, வகுப்பிலுள்ள திரையில் கதைக் காணொளியை ஓடவிடுவதா? நாளுக்கு 20 நிமிடம்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு, இந்த நான்கையும் எடைபோட்டுப் பார்க்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த நான்கில் எதுவும் எழுத்து கற்பிப்பதற்கு மாற்று ஆகாது. பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் முன்வைத்த எளிய கருத்து ஒன்று உண்டு: வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் என்பது, எழுத்தை ஒலியாக்கும் திறனையும் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் கூட்டினால் வருவதன்று, பெருக்கினால் வருவது. இரண்டில் ஒன்று சுழியமானால் விடையும் சுழியம். கதை பெரும்பாலும் இரண்டாவது காரணியையே வளர்க்கிறது. வாய் பிளந்து கேட்ட பிள்ளை ஒரு வரியைத் தாண்டாததற்கு விளக்கம் இதில் இருக்கிறது. அது கதையின் தோல்வி அன்று, கதையிடம் அதனால் ஆகாத வேலையை எதிர்பார்த்ததன் விளைவு.

## எதைக் கொண்டு அளப்பது

முதல் அளவுகோல், பேச்சுத் தமிழிலிருந்து எழுத்துத் தமிழுக்குப் பாலம் அமைகிறதா என்பது. மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே நான் அதிக எடை தருகிறேன். "நரி வந்துச்சு, வீட்டுல யாரும் இல்ல" என்று பேசும் பிள்ளை, "நரி வந்தது, வீட்டில் யாரும் இல்லை" என்று வாசிக்க வேண்டியிருக்கிறது. அது வ, ந், த, து என்று ஒவ்வோர் எழுத்தையும் பிழையின்றிக் கூட்டினாலும், கூட்டி முடித்த ஒலி தன் வாயில் புழங்காத ஒன்றாக இருப்பதால், சரியாகத்தான் வாசித்தோமா என்று ஐயுற்று நம் முகத்தைப் பார்க்கிறது. எழுத்துத் தமிழின் ஓசை முன்பே காதில் விழுந்திருந்தால் இந்தத் தயக்கம் பாதியாகக் குறையும்.

இரண்டாவது, சொல்வளம். தமிழில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. 'கல்', 'மகன்', 'தங்கம்' ஆகிய மூன்றிலும் 'க' என்ற ஒரே எழுத்து மூன்று விதமாக ஒலிக்கிறது. எந்த இடத்தில் எப்படி ஒலிக்கும் என்பதற்கு ஒழுங்கு இருந்தாலும், ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்த விதியைச் சொல்லித்தர முடியாது. தங்கம் என்ற சொல் முன்பே தெரிந்திருந்தால், வாய் தானே ஒலியைத் திருத்திக்கொள்ளும். தெரியாத சொல்லில் அந்தத் திருத்தம் நிகழாது.

மூன்றாவது, கண் எழுத்தைச் சந்திக்கிறதா என்பது. நான்காவது, பிள்ளை பேசுகிறதா என்பது. நம் வீடுகளில் கதை சொல்பவர் முதலில் போடும் நிபந்தனையே 'ம்' கொட்ட வேண்டும் என்பதுதான். 'ம்' நின்றால் கதையும் நிற்கும். அந்த 'ம்', பிறகு "அப்புறம்?" ஆகி, "ஏன் அப்படிச் செஞ்சுது?" ஆக வளர்வதற்கு இடம் இருக்க வேண்டும்.

ஐந்தாவது, விலை. பணம் மட்டுமன்று, ஆயத்தம் செய்யும் நேரம், தொண்டை, ஒருவரோடு ஈடுபட்டிருக்கையில் மற்ற பிள்ளைகளை என்ன செய்வது என்ற கவலை எல்லாம் இதில் அடங்கும்.

## வாய்மொழியாகச் சொல்லுதல்

குஜராத்தின் பாவ்நகரில் 1920இல் குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கிய கிஜுபாய் பதேகா, கதையைக் கற்பித்தலின் நடுவில் வைத்தவர். கூச்சலிடும் வகுப்பை அதட்டாமல் அமரவைக்கக் கதையைவிடச் சிறந்த வழி இல்லை என்பதை அவருக்குப் பின் வந்த ஆசிரியர்கள் எல்லாரும் தம் அனுபவத்திலேயே அறிந்திருக்கிறார்கள். புத்தகம் கையில் இல்லாததால் ஆசிரியரின் கண் பிள்ளைகள்மேல் இருக்கிறது. யார் கவனம் சிதறுகிறது, எந்தச் சொல் புரியவில்லை என்பதை அந்தக் கணமே கண்டு மாற்றிச் சொல்லலாம்.

எழுத்தறிவுக்கு எந்தக் கதை உதவும் என்று தேர்வதில்தான் திறமை இருக்கிறது. தன் பெயரை மறந்துபோன ஈயின் கதையை எடுத்துக்கொள்வோம். ஈ கன்றிடம் கேட்கிறது, கன்று தாயைக் கேட்கச் சொல்கிறது, பசு இடையனை, இடையன் கோலை என்று சங்கிலி நீள்கிறது. ஒவ்வொரு முறையும் "கொழு கொழு கன்றே, கன்றின் தாயே, தாயை மேய்க்கும் இடையா" என்று முதலிலிருந்து சொல்லிச் சேர்க்க வேண்டும். இதில் கவனிக்கத் தக்கது, பேச்சில் நாம் 'மேய்க்கிற' என்போம். கதையின் பல்லவியோ 'மேய்க்கும்', 'இருக்கும்', 'வாழும்' என்று எழுத்துத் தமிழில் ஓடுகிறது. கதையைப் பேச்சுத் தமிழில் சொல்லிப் பல்லவியை மட்டும் எழுத்து வடிவில் வைத்தால், 15 நிமிடத்தில் பிள்ளைகள் அந்த வடிவங்களைப் பத்து முறைக்கு மேல் தம் வாயாலேயே சொல்லிவிடுகிறார்கள். கடைசியில் குதிரை கனைத்து வெளிப்படுத்தும் விடையோ 'ஈ'. எழுத்தும் அதுவே, சொல்லும் அதுவே. அதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டி, பூ, தீ, கை, பை, மை என்று நகரலாம். இத்தகைய ஓரெழுத்து ஒருமொழிகள் 42 என்று நன்னூல் கணக்கிடுகிறது. அவற்றுள் குறைந்தது பத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பொருள் தெரிந்தவை. வாய்மொழிக் கதை எழுத்தோடு கைகோக்கும் இத்தகைய தருணம் அரிது. நாம்தான் தேடி அமைக்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. ஒன்று, சரக்கு. பாட்டி வடை சுட்டது, தாகமுள்ள காகம், முயலும் ஆமையும் என்ற மூன்றோடு நம்மில் பலருக்குக் கதை தீர்ந்துவிடுகிறது. அந்த மூன்றையும் பிள்ளைகள் பால்வாடியிலேயே கேட்டுவிடுகிறார்கள். ஓராண்டுக்கு முப்பது கதையாவது மனத்தில் இருந்தாக வேண்டும், ஒவ்வொன்றையும் வீட்டில் இரண்டு முறையாவது உரக்கச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு, தாளும் எழுத்தும் இதில் இயல்பாக இடம்பெறுவதில்லை. முழுக்கப் பேச்சுத் தமிழிலேயே சொல்லி முடித்தால், முதல் அளவுகோலில் இது தோற்றுவிடும்.

இது சிறந்து விளங்கும் சூழல்கள் தெளிவானவை. ஒன்றாம் வகுப்பின் முதல் பருவம் அவற்றுள் ஒன்று. வீட்டுமொழி வேறாக உள்ள பிள்ளைகள் நிறைந்த வகுப்பு மற்றொன்று: ஓசூர்ப் பகுதியில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள், திருப்பூரில் இந்தி பேசும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் போன்றோருக்குச் சைகையும் குரலும் திரும்ப வரும் பல்லவியும் பொருளைச் சுமந்துகொண்டு போகின்றன. புத்தகத்தின் வரியால் அது முடியாது.

## உரக்க வாசித்தல்

எழுத்துத் தமிழ் தன் முழு உருவில் பிள்ளையின் காதில் விழுவது இங்கேதான். சொல்லும்போது நாம் சுருக்கிவிடும் தொடர்களும், பேச்சில் புழங்காத சொற்களும், 'என்று சொல்லியபடியே', 'அதனால்தான்' போன்ற இணைப்புகளும் ஒரு மாற்றமும் இல்லாமல், அடுத்த நாளும் அதே வரிசையில் வருகின்றன. சொல்லுதலையும் வாசித்தலையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, கதை சொல்லக் கேட்ட சிறு குழந்தைகள் கதையை மீண்டும் சொல்கையில் அதை நன்கு புரிந்துகொண்டிருந்ததாகவும், வாசிக்கக் கேட்டவர்களின் மொழியமைப்பு கூடுதலாக முதிர்ந்திருந்ததாகவும் கண்டது. சிறிய ஆய்வுதான், ஆனால் பேச்சுக்கும் எழுத்துக்கும் இடைவெளி மிகுந்த நம் மொழிக்கு அதன் இரண்டாம் பாதி கூடுதலாகவே பொருந்தும் என்பது என் கணிப்பு.

இதில் பலர் செய்யும் பிழை, வரிக்கு வரி உரை சொல்வது. "ஒரு காட்டில் சிங்கம் ஒன்று வாழ்ந்து வந்தது" என்று வாசித்துவிட்டு, உடனே "அதாவது ஒரு காட்டுல ஒரு சிங்கம் இருந்துச்சாம்" என்று மொழிபெயர்த்தால், பிள்ளைகள் ஒரு வாரத்திலேயே முதல் வரியைக் கேட்பதை விட்டுவிட்டு இரண்டாவதற்காகக் காத்திருக்கக் கற்றுக்கொள்வார்கள். முதல் முறை முழுக்கதையையும் குரலாலும் படத்தாலும் புரியவைத்து வாசித்துவிட வேண்டும். கேள்விகள் இரண்டாம் முறைக்கு உரியவை. கேள்வியின் பயனும் சிறிதன்று. க்ரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் இடையிடையே திறந்த கேள்வி கேட்டு, குழந்தை சொன்ன விடையை நீட்டித்துச் சொல்லி வாசித்தபோது, வழக்கம்போல் வாசிக்கப்பெற்ற குழந்தைகளைவிட அவர்களின் பேச்சு ஒரே மாதத்தில் முன்னேறியிருந்தது. "நரி என்ன செய்தது?" என்பதோடு நில்லாமல், "அது ஓடிச்சு" என்று வந்த விடையை "ஆமாம், அது பயந்துபோய்க் காட்டுக்குள் ஓடியது" என்று விரித்துத் திருப்பித் தருவதுதான் அந்த முறையின் உயிர்.

இந்த முறையின் செலவு ஒன்று கண்ணுக்குத் தெரியாதது. புத்தகம் திறந்திருந்தால் பிள்ளை எழுத்தைப் பார்க்கும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். கனடாவில் மேரி ஆன் எவன்ஸ், ஜான் சேன்ட்-ஓபன் ஆகியோர் குழந்தைகளின் கண்ணசைவைக் கருவிகொண்டு பதிந்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், வாசிக்கும் நேரமெல்லாம் குழந்தைகளின் பார்வை படத்தின்மேலேயே இருந்தது. எழுத்தின்மேல் பட்டது மிகச் சிறிதே. எழுத்தைக் காட்ட வேண்டுமானால் விரலாலோ குச்சியாலோ சுட்டி வாசிக்க வேண்டும், அதுவும் பக்கத்துக்கு ஓரிடம் போதும். 30 பேர் அமர்ந்த வகுப்பில் உள்ளங்கை அகலப் புத்தகத்தில் எதையும் சுட்ட முடியாது என்பதும் உண்மை. நியூசிலாந்தில் டான் ஹோல்டவே பரப்பிய பெரிய புத்தக முறை இதற்கான விடை. சார்ட் தாளில் எட்டுப் பக்கக் கதையை நாமே பெரிதாக எழுதிப் பிள்ளைகளைக் கொண்டு படம் வரையவைத்தால் போதும். ஒரு புத்தகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் போகும். பிறகு அது ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

புத்தகம் கிடைக்கவில்லை என்பது இன்று பெரிய தடை அன்று. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை நான்கு வாசிப்பு நிலைகளில் இலவசமாக எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கச் சிறுநூல்களும் நுழை, நட, ஓடு, பற என்று நிலைவாரியாக வந்துள்ளன. ஆனால் மொழிபெயர்த்த படக்கதைகளில் எந்தத் தமிழ் நாவிலும் புரளாத தொடர்கள் இருப்பதுண்டு; முன்னதாக ஒருமுறை வாசித்து, இடறும் இடத்தைப் பென்சிலால் திருத்திக்கொள்வது நல்லது. உண்மையான தடை வேறு. நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில் கதைப் புத்தகங்கள் பீரோவுக்குள் வரிசை குலையாமல் இருந்தன. கிழிந்தால் இருப்புப் பதிவேட்டுக்கு யார் பதில் சொல்வது என்ற அச்சம்தான் காரணம். புத்தகம் கிழியும் என்பதைத் தொடக்கத்திலேயே செலவாக எழுதிக்கொள்ளாதவர் இந்த வழியைத் தேர்ந்து பயனில்லை.

## பிள்ளை சொல்ல, ஆசிரியர் எழுதுதல்

நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், பிள்ளையின் நெஞ்சில் கனக்கும் சொல்லையே அதன் முதல் வாசிப்புச் சொல்லாக எழுதிக் கொடுத்தார். சிகாகோவில் மழலையர் வகுப்பு ஆசிரியராக இருந்த விவியன் பேலி, பிள்ளை சொல்லும் கதையை அதன் சொற்களிலேயே எழுதிக்கொண்டு, பிறகு வகுப்பே அதை நடித்துக்காட்டும்படி செய்தார். வாயிலிருந்து வந்தது கண்முன்னே எழுத்தாகி, மறுநாளும் மாறாமல் அங்கேயே இருக்கிறது என்பதைப் பிள்ளை உணர்வதற்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. தான் சொன்னதே ஆதலால், வாசிக்கையில் அடுத்த சொல் என்னவென்று அதற்குத் தெரியும்.

தமிழில் இங்கே ஒரு முடிச்சு விழுகிறது. பிள்ளை "எங்க வீட்டு நாயி குட்டி போட்டுச்சு" என்கிறது. அப்படியே எழுதுவதா, "எங்கள் வீட்டு நாய் குட்டி போட்டது" என்று எழுதுவதா? அப்படியே எழுதினால் கொச்சையைக் கற்பிக்கிறோம் என்று சக ஆசிரியரே சொல்வார். மாற்றி எழுதினால், தான் சொன்னது தாளில் இல்லை என்று பிள்ளை கண்டுகொள்ளும். இந்த முறையின் உயிரே அப்போது போய்விடும். எனக்குப் பயன்பட்ட வழி நம் சிறுகதைகளில் வழக்கமாக இருப்பதுதான்: கதையோட்டத்தை எழுத்துத் தமிழிலும், கதைமாந்தர் பேச்சை மேற்கோள் குறிக்குள் பேச்சுத் தமிழிலும் வைப்பது. "நாய் என்ன சொல்லுச்சு?" என்று கேட்டு, வந்த விடையை மேற்கோளுக்குள் ஓரெழுத்தும் மாற்றாமல் எழுதுவேன், மற்ற வரிகளை, "புத்தகத்தில் எழுதுவது போல எழுதட்டுமா?" என்று ஒப்புதல் பெற்று, உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதுவேன். முதல் சில வாரங்களில் முழுக்கதையும் மேற்கோளுக்குள்ளேயே இருந்தாலும் குற்றமில்லை.

செலவுக் கணக்கு கடுமையானது. ஒரு பிள்ளைக்கு ஆறு நிமிடம் என்றால் 30 பேருக்கு 180 நிமிடம். நாளுக்கு மூவருக்கு மேல் முடியாது. ஒருவருக்கு மீண்டும் முறை வரப் பத்துப் பள்ளி நாள் ஆகும். அதுவரை மற்ற 27 பேர் செய்வதற்கு வேலை இருக்க வேண்டும். தொலைக்காட்சியில் பார்த்த சண்டைக் காட்சியையே ஐந்து பேர் அடுத்தடுத்துச் சொல்வார்கள். அதையும் முகம் சுளிக்காமல் எழுத வேண்டும். பேசவே தயங்கும் பிள்ளை முதல் மாதம் முழுவதும் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லக்கூடும்.

15 பேருக்குள் அடங்கும் இரண்டாம் வகுப்புக்கு இதுவே முதல் தெரிவாக இருக்கத் தகும்.

## திரையில் கதை

2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும் வகுப்புத் திரைகளும் வந்த பிறகு, ஆயத்தம் வேண்டாத வழியாக இது பலருக்குப் படுகிறது. கடலையே பார்த்திராத மலையூர்ப் பிள்ளைக்குக் கடலைக் காட்டவும், ஆசிரியருக்குத் தொண்டை கட்டிய நாளில் கைகொடுக்கவும் இது பயன்படும். ஆனால் காணொளி யாருடைய 'ம்'முக்காகவும் காத்திருப்பதில்லை. நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் காத்திருக்கும், அதற்குப் பழகிய ஆசிரியரின் ஆயத்தம் வாசிப்பவரின் ஆயத்தத்துக்குக் குறைந்ததாக இராது. இதன் மதிப்பை உயர்த்தும் ஒரே மாற்றம், பேசப்படும் மொழியிலேயே திரையின் கீழ் வரிகள் ஓடுவது. பிரிஜ் கோத்தாரி அகமதாபாத்தில் 1996 முதல் வலியுறுத்திவரும் வழி அது. எழுத்துக் கூட்டத் தொடங்கிவிட்ட பிள்ளைக்கு அந்த வரிகள் பயிற்சியாகும். எழுத்தே அறியாத பிள்ளைக்கு அவை திரையின் அடியில் ஓடும் கோலம்தான்.

## ஒரு பார்வையில்

| அளவுகோல் | சொல்லுதல் | வாசித்தல் | எழுதிக்கொள்ளுதல் | திரை |
|---|---|---|---|---|
| எழுத்துத் தமிழுக்குப் பாலம் | பல்லவி அமைந்தால் மட்டும் | மிகுதி | ஆசிரியரின் கையில் | காணொளியின் நடையைப் பொறுத்தது |
| சொல்வளம் | நன்று | மிகுதி | குறைவு. தெரிந்த சொல்லே வரும் | நடுத்தரம் |
| கண் எழுத்தைச் சந்தித்தல் | இல்லை | சுட்டினால் உண்டு | மிகுதி | வரிகள் ஓடினால் உண்டு |
| பிள்ளையின் பேச்சு | நன்று | கேள்வி கேட்டால் நன்று | மிகுதி | மிகக் குறைவு |
| மறைந்த செலவு | கதைச் சரக்கு, தொண்டை | பெரிய புத்தகம், கிழியும் நூல்கள் | நேரம், மற்றவர்களுக்கு வேலை | நிறுத்திக் கேட்கும் உழைப்பு |

## யாருக்கு எது

ஒன்றை மட்டுமே தேர்ந்தாக வேண்டும் என்றால், நான் உரக்க வாசித்தலையே தேர்வேன். நான் அதிக எடை கொடுத்த முதல் இரண்டு அளவுகோல்களிலும் அதுவே முன் நிற்கிறது. ஆனால் ஜூன் மாதத்திலேயே அதைத் தொடங்கமாட்டேன். ஒன்றாம் வகுப்பில் முதல் பருவத்தில் பெரும்பாலும் வாய்மொழிக் கதை. பருவத்தின் கடைசி வாரங்களில், ஏற்கெனவே சொன்ன கதைகளையே பெரிய புத்தகமாக்கி வாசிப்பு. கதை தெரிந்திருப்பதால், புதிய நடை மட்டுமே பிள்ளைக்குச் சுமையாகும். இரண்டாம் வகுப்பில் வாரத்தில் மூன்று நாள் வாசிப்பு, இரண்டு நாள் எழுதிக்கொள்ளுதல். அரும்பு நிலையிலேயே தங்கிவிட்ட பிள்ளைகளுக்கு மட்டும் எழுதிக்கொள்ளும் முறை இரண்டு மடங்கு கிடைக்கும்படி வரிசையை மாற்றுவேன்; அவர்களுக்குக் கதைப் பஞ்சம் இல்லை, எழுத்தோடுதான் உறவு விட்டுப்போயிருக்கிறது. திரைக்கு மாதம் இரண்டு நாள் போதும்.

ஈராசிரியர் பள்ளிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போய்விட்டால் ஐந்து வகுப்பும் ஒருவர் பொறுப்பு. அங்கே வாய்மொழிக் கதையை ஐந்து வகுப்புக்கும் ஒன்றாகச் சொல்லிவிட்டு, எழுதிக்கொள்ளும் வேலையை நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். சின்னப் பிள்ளை சொல்ல, பெரிய பிள்ளை எழுதும். எழுத்துப்பிழை இருக்கும், அதை அன்று மாலை பெரிய பிள்ளையோடு அமர்ந்து திருத்தினால் அதற்கும் அது பாடம். 180 நிமிடக் கணக்கு இதில் ஒரே பாடவேளைக்குள் அடங்கிவிடுகிறது. தாளின் அடியில் சொன்னவர் பெயர், எழுதியவர் பெயர் என இரண்டையும் எழுதச் சொல்லி, சின்னப் பிள்ளைகளின் கண்மட்டத்துக்குச் சுவரில் ஒட்ட வேண்டும். மறுநாள் காலை மணி அடிக்கும் முன்பே அவர்கள் அங்கே வந்து நின்று தம் பெயரை விரல் வைத்துத் தேடுவார்கள்.